ஏழு சட்டை போட்ட மருந்து உருண்டை

அந்தக் காலத்தில் மிருகங்கள் மட்டுமா பேசின, மருந்தே வாயைத் திறந்து பேசும். கரடி வைத்தியர் உருட்டி வைத்த நிலவேம்பு உருண்டைக்கோ ரோஷம் ஜாஸ்தி. வாயில் போட்டவர்களெல்லாம் "த்தூ!" என்று துப்பினால் யாருக்குத்தான் மானம் போகாது? அன்று காய்ச்சலில் கிடந்த மான்குட்டியும் அத்தனை பேர் பார்க்கத் துப்பியது. மண்ணில் விழுந்த உருண்டைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நேரே இலந்தை மரத்து அரக்குப் பூச்சியிடம் போனது.

"அக்கா, என் கசப்பு வெளியில தெரியாம ஒரு சட்டை போட்டு விடேன்."

பூச்சி தன் அரக்கை எடுத்து ஒரு பூச்சுப் பூசியது. உருண்டை பளபளத்தது. அதோடு விட்டதா? "இன்னொண்ணு அக்கா, இன்னொண்ணு" என்று நச்சரித்து ஏழு சட்டை போட்டுக்கொண்டது.

"அழகா இருக்கே!" என்று இம்முறை குட்டி விழுங்கிவிட்டது. உள்ளே காய்ச்சல் கொதித்தது. "சீக்கிரம் சட்டையைக் கழற்று" என்று வயிறு கெஞ்சியது. கழற்றினால் மறுபடி கசப்பன் என்பார்களே! உருண்டை சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் புழுக்கையோடு புழுக்கையாக வெளியே வந்து விழுந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல். குட்டியால் கண்ணைத் திறக்க முடியவில்லை. தாய்மான் திட்டவில்லை.

"என்ன வைத்தியரே, போன மாதிரியே வந்திருக்கு?" என்று மட்டும் கேட்டது.

உருண்டை கூனிக் குறுகிப்போனது. அன்று துப்பியபோது பட்ட அவமானம் அடுத்தவர் கொடுத்தது. இது தானே தேடிக்கொண்டது.

"நான்தான் கழற்றல, வைத்தியரே. எனக்குச் சட்டையே வேண்டாம். அரைச்சுக் குடுத்துடுங்க."

வைத்தியர் ஏழு சட்டையையும் நகத்தால் சுரண்டி எடுத்து, உருண்டையைக் கழுவினார்.

"சட்டையே இல்லேன்னா குட்டி திரும்பவும் துப்பிடும். ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோ, மெல்லிசா. நாக்கைத் தாண்டணும், அவ்வளவுதான். கண் இமைக்கிற நேரம், ஒரு மாத்திரை போதும்."

"ஒரு மாத்திரை, ஒரு மாத்திரை" என்று முணுமுணுத்தபடி உருண்டை உள்ளே போனது. வயிறு கேட்கும்வரை காத்திருக்கவில்லை, கரைந்தது. மூன்றாம் நாள் குட்டி எழுந்து நின்றது. உருண்டை தாமதித்த அந்த ஒரு நாளுக்கு விலையாக, குட்டியின் பின்னங்கால் ஒன்று மட்டும் கடைசிவரை இழுத்துக்கொண்டே இருந்தது.

அன்று முதல்தான் மருந்து உருண்டைக்கு மாத்திரை என்று பெயர் வந்தது. நாக்கைத் தாண்டியபின் ஒரு நொடி சட்டையோடு இருக்கவும் அதற்கு வெட்கம்.