மரியபுஷ்பத்தின் முள் தராசு

துப்பாக்கி சுடும் கழகத்தில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து அளந்து நிரப்புவதில் மரியபுஷ்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் புதுச் செயலாளர் பூபதி பளபளவென்று ஒரு டிஜிட்டல் தராசோடு வந்து இறங்கினார்.

"இனிமேல் இதுதான். உன் முள் தராசு இதைவிட மேல்னு காட்டு, இல்லாட்டி வேலையை விட்டுப் போ!"

"சரிங்கய்யா. ஆனா, இதுல அளக்கிற முதல் தோட்டாவை நீங்களே சுடணும்."

"தாராளமா!"

அவருடைய செல்போன் டிஜிட்டல் தராசை ஒட்டிக் கிடந்து சிணுங்கியதையும், அப்போதெல்லாம் எண் தடுமாறியதையும் அவள் பார்த்துவிட்டாள். போன் சிணுங்கச் சிணுங்க ஒரே மருந்தை அதில் மூன்று முறை வைத்தாள். மூன்று எண்கள் வந்தன. முள் தராசிலோ மூன்று முறையும் முள் ஒரே கோட்டில் நின்றது.

"மருந்து கூடினா துப்பாக்கியே வெடிச்சிடுங்க. இதுல எந்த எண்ணை நம்பிச் சுடப்போறீங்கய்யா?"

பூபதி டிஜிட்டல் தராசை அணைத்தார். மறுநாள் போட்டியில் அவர் சுட்டதெல்லாம் மரியபுஷ்பம் முள் தராசில் அளந்த தோட்டாக்கள்தான்.