பின்னால் ஊற்றிய தண்ணீர்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று எனக்குக் குழம்பும். ஊரில் நான் ஒரு சங்கதியைச் சொல்ல ஆரம்பித்தால், "முதல்ல யாரு செத்தா, அதைச் சொல்லு சித்தி" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் யாரும் சாகவில்லை.

என் அக்கா மகள் தாரிணிக்குத் துருக்கியில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்தது. அமாஸ்யா என்று ஓர் ஊர். நடுவில் ஆறு ஓடும். இரண்டு பக்கமும் மலை. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப அக்காவுக்கு மனசில்லை. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் சங்கரன்கோவிலில் சும்மாதான் இருந்தேன்.

"கோமதி கூடப் போகட்டும்" என்று அக்கா சொன்னாள். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்த ஊரில் இறங்கியதும் முறை மாறிவிட்டது. தாரிணி குரு. நான் சிஷ்யை. கேள்வி கேட்டால் அவள் பதில் சொல்லமாட்டாள். எதையாவது செய்வாள்.

"பாஷை தெரியாம கடைக்கு எப்படிட்டி போவேன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

பையை என் கையில் கொடுத்தாள். என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

உருளைக்கிழங்கு கேட்டேன். வெங்காயம் கிடைத்தது. அழுகை அழுகையாக வந்தது.

"வெங்காயமும் வேணும்லா சித்தி" என்றாள். அன்றைக்கு வெங்காயக் குழம்பு.

இன்னொரு நாள், "உங்க பள்ளிக்கூடத்துல பேய் இருக்காமே?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா?"

"கீழ் வீட்டுப் பிள்ளை சொல்லிச்சு. செலிம் பேயாம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மரியாதைக்குரிய ஆண்களை அங்கே பெயரோடு 'பே' சேர்த்துத்தான் அழைப்பார்களாம். செலிம் பே அவளுடைய ஹெட்மாஸ்டர். அதற்குப் பிறகும் அவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

கீழ் வீட்டில் நெர்மின் என்று ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். அவள் மகள் பெரின், தாரிணியின் ஏழாம் வகுப்பில் படித்தாள். எங்களுக்கு அடுப்பு பற்றவைக்கக் கற்றுக்கொடுத்ததே நெர்மின்தான். நல்லவள் என்று நினைத்திருந்தேன்.

வேலை அனுமதி வாங்க தாரிணி அங்காராவுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் நீண்ட தூரம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். நெர்மின் ஒரு ஜக்கோடு ஓடிவந்தாள். தாரிணி போகிற பாதையில், அவள் முதுகுக்குப் பின்னால், தண்ணீரைச் சளாரென்று ஊற்றினாள். பிறகு சிரித்தாள்.

எங்கள் ஊரில் வீட்டிலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் வாசலைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். என் வீட்டுக்காரரைத் தூக்கிப்போன அன்றைக்குக் குடம் குடமாக ஊற்றினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"நாசமாப் போறவளே, உயிரோட போற பிள்ளைக்கு என்ன காரியம்டி பண்ணுத?" என்று தமிழில் கத்தினேன். அவள் என் தோளைத் தட்டி, உள்ளே கூட்டிப்போய் டீ கொடுத்தாள். நான் குடிக்கவில்லை.

தாரிணி திரும்பி வரும்வரை சாமி படத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் கேட்டேன்.

"அவ எதுக்குட்டி தண்ணி ஊத்துனா?"

"அதை என் கிளாஸ்ல வந்து கேளு."

"நானா? கிளாஸ்லயா?"

"ம்."

"உனக்குத் தெரியும்லா. நீயே சொல்லேன்."

அவள் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

வகுப்பறை என்றாலே எனக்குப் பயம். எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று ஒரு பாட்டைத் தப்பாக ஒப்பித்தேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுபோனதுதான்.

நான் கேட்கப் போகவில்லை. நெர்மினோடு பேச்சையும் நிறுத்தினேன். அவள் திராட்சை இலையில் சோறு சுற்றிக் கொடுத்தனுப்புவாள். தாரிணி தின்பாள். நான் தொடமாட்டேன்.

பனி விழ ஆரம்பித்தது. தாரிணியின் முகமும் வாடியது.

"என்னட்டி?"

"பிள்ளைங்க எழுதினா முத்து முத்தா எழுதுதாங்க சித்தி. பேசச் சொன்னா தரையைப் பாக்காங்க. ஒருத்தன் தப்பாச் சொன்னா மத்தவன் சிரிக்கான். அதனால ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டேங்கான்."

"எழுதுனா போதாதா?"

"போதாதாம். பெத்தவங்க முன்னால பாடம் நடத்தணும். பிள்ளைங்க இங்கிலீஷ் பேசணும். பேசலன்னா லீவுக்குப் பொறவு இங்கிலாந்துல இருந்து வேற டீச்சரைக் கூப்பிடுவேன்னு செலிம் பே சொல்லிட்டாரு."

உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். "விடுட்டி. ஊருக்குப் போயிருவோம்" என்றேன். "உங்கம்மா மாப்பிள்ளை போட்டோவோட காத்துக்கிட்டு இருக்கா."

தாரிணி என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இந்த வேலை வேணும் சித்தி. இந்தப் பிள்ளைங்க வேணும்."

அவள் அப்படி நேராகப் பேசி நான் கேட்டதில்லை. அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாள் வந்தது. சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் கம்பளிச் சாக்ஸுமாகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பெற்றோர்கள் சுவர் ஓரமாக இருந்தார்கள். நெர்மின் நல்ல கோட்டு போட்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செலிம் பே கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

தாரிணி ஒரு கேள்வி கேட்டாள். யாரும் எழவில்லை. இன்னொன்று கேட்டாள். பெரின் மேஜையைப் பார்த்தாள். ஓனுர் என்ற பையன் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

செலிம் பே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

போச்சு என்று நினைத்தேன்.

"சித்தி, எந்திச்சு முன்னால வா" என்றாள் தாரிணி. தமிழில்.

"என்னது?"

"அந்தத் தண்ணி சமாச்சாரம். இப்பக் கேளு. இங்கிலீஷ்ல."

"ஏட்டி, கொன்னுபோடுவேன்."

"கேளு சித்தி."

எப்படிப் போனேன் என்று தெரியாது. கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். எல்லாக் கண்ணும் என் மேல் இருந்தது. கடைக்குப் போய்வந்ததில் சேர்ந்த இங்கிலீஷ்தான் என்னிடம் இருந்தது.

"மை நேம் கோமதி" என்றேன். "மை கேர்ள் கோ அங்காரா. திஸ் லேடி வாட்டர் த்ரோ. வொய்? மை கேர்ள் நாட் டெட்."

"வாட்டர் த்ரோ" என்று ஒரு பையன் சொல்லிக் களுக்கென்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். வகுப்பே சிரித்தது.

எனக்கு எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. தாரிணியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் காப்பாற்ற வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சொல்லியாகிவிட்டது, மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"மை ஊர், மேன் டெட், ஹவுஸ் வாஷ். மச் வாட்டர். மை ஹஸ்பெண்ட்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

சிரிப்பு நின்றது.

நெர்மின் தன் மகளிடம் என்னவோ கேட்டாள். பெரின் மெதுவாகத் துருக்கியில் சொன்னாள். நெர்மின் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

அம்மாவின் முகத்தைப் பார்த்த பெரின் நாற்காலி பின்னால் விழும்படி எழுந்தாள்.

"நோ! நோ, தெய்ஸே!"

தெய்ஸே என்றால் அங்கே அம்மாவின் சகோதரி.

"மை மதர் நாட் பேட்! வாட்டர் இஸ் குட்! வாட்டர் கோ. வாட்டர் கம். ஈஸி. டீச்சர் கோ, டீச்சர் கம். லைக் வாட்டர்!"

"கம் இல்ல, கம்ஸ்!" என்கிற மாதிரி ஓனுர் மேஜைக்கு அடியிலிருந்து கத்தினான். "டீச்சர் கம்ஸ்!"

"கம்ஸ்!" என்று பெரின் அவனைவிடச் சத்தமாகக் கத்தினாள். "எவ்ரி டைம் கம்ஸ்!"

"மை பிரதர் கோ ஆர்மி" என்று இன்னொருவன் எழுந்தான். "மை மதர் வாட்டர். பிரதர் கேம்!"

"கேம் ஃபேட்!" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"மை அங்கிள் ஆல்ஸோ கேம்" என்றாள் ஒரு பெண். "வி டோன்ட் வான்ட்."

சுவர் ஓரத்தில் ஒருவர் பலமாக இருமினார். அங்கிள் அவர்தான் போலிருக்கிறது.

எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "ஹவ் மச் வாட்டர்?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். ஜக் என்றான் ஒருவன். பக்கெட் என்றான் ஒருவன். வாசலில் ஊற்றணும் என்றது ஒரு கூட்டம். கார் சக்கரத்துக்குப் பின்னால் என்றது இன்னொரு கூட்டம். எல்லாம் இங்கிலீஷில்தான். பாதி தப்பு, பாதி சரி. எது எது என்று எனக்குத் தெரியாது. தப்பைத் திருத்தினார்கள், திருத்தினதையும் திருத்தினார்கள். செலிம் பேவே பொறுக்கமுடியாமல் எழுந்து, தன் ஊர் வழக்கத்தை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார்.

"சார், மிஸ்டேக்!" என்று ஓனுர் கையைத் தூக்கினான்.

செலிம் பே ஒரு நொடி அவனையே பார்த்தார். பிறகு அவன் சொன்னபடி திருத்திச் சொன்னார். வகுப்பு கைதட்டியது. பெற்றோரும் கைதட்டினார்கள். மணி அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

நெர்மின் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அவள் துருக்கியில் அழுதாள், நான் தமிழில் அழுதேன்.

செலிம் பே தாரிணியிடம், "இங்கிலாந்துக்காரர் வேண்டாம். அடுத்த முறையும் உங்கள் தெய்ஸேயைக் கூட்டி வாருங்கள்" என்றாராம்.

ஆற்றங்கரை வழியாக இருவரும் வீட்டுக்கு நடந்தோம். தாரிணி குதித்துக் குதித்து நடந்தாள். நான் முறைத்துக்கொண்டே வந்தேன்.

"தண்ணிக்கு என்ன அர்த்தம்னு உனக்கு அன்னைக்கே தெரியும்லா? பனிக்காலம் பூரா என்னைய இப்படி அல்லாட விட்டியேட்டி?"

அவள் நின்றாள்.

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும் சித்தி."

"பொய் சொல்லாத."

"சத்தியமா."

"நீ டீச்சர்லா?"

"அதான் கேக்கச் சொன்னேன்" என்றாள்.

லீவு முடிந்ததும் வேலை அனுமதியைப் புதுப்பிக்க அவள் மறுபடி அங்காராவுக்குக் கிளம்பினாள். வாசலில் நெர்மின் ஜக்கோடு நின்றாள். ஆனால் அவள் ஊற்றவில்லை. ஜக்கை என் கையில் கொடுத்தாள்.

வலது கையால் ஊற்ற வேண்டுமா, இரண்டு கையாலா? வாசலைத் தாண்டும்போதா, தாண்டிய பிறகா? ஒன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று பதறியது. தாரிணி தெருவில் இறங்கிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன்.

தண்ணீர் முழுக்க அவள் ஷூவில் போய் விழுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். நெர்மின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தப்பா ஊத்திட்டேனாட்டி?" என்று கேட்டேன்.

"வந்து சொல்லுதேன் சித்தி" என்றாள்.

ஈர ஷூவோடு நடந்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பி மறைந்தாள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே போய் இன்னொரு ஜக் தண்ணீர் பிடித்துவந்து, அதையும் ஊற்றினேன்.