நீர்க்காகத்துக்குக் கிடைத்த பறப்பு உரிமம்

அல்லிக்குளத்தில் ஒரு சட்டம் உண்டு. உரிமம் வாங்காத பறவை மலையைத் தாண்டிப் பறக்கக் கூடாது.

குளம் வற்றிக்கொண்டே வந்தது. மறுநாள் விடிந்ததும் நீர்க்காகக் கூட்டம் மலைக்கு அப்பால் கிளம்புகிறது. அதில் உரிமம் இல்லாதவன் கரியன் ஒருவன்தான்.

அவனுக்கு என்ன குறை! ஆந்தை வைத்த கண் பரிசோதனையில் தேறினான். காற்று, மேகம் பற்றிய கேள்விகளுக்குக் கடகடவென்று பதில் சொன்னான். துணையோடு நாற்பது முறை, தனியாகப் பத்து முறை பறந்து முடித்தான். மிச்சம் கடைசிப் பரீட்சை ஒன்றுதான்.

அன்று காலை அவன் வயிறு முட்ட மீன் தின்றுவிட்டுக் கரையேறினான். பரீட்சை வைக்கும் செம்பருந்து வந்தது.

"ம், ஏறு!"

ஏறினான். வட்டமடித்தான். பூப்போல இறங்கினான். குளமே ஆரவாரம் செய்தது.

"தோல்வி!" என்றது செம்பருந்து.

கரியனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னது! எதில் தப்பு?"

"ஏறும் முன் சிறகைப் பார்த்தாயா? சொட்டச் சொட்ட ஈரம்!"

"விழவில்லையே ஐயா!"

"இன்றைக்கு விழவில்லை."

"நீங்கள்தானே ஏறச் சொன்னீர்கள்!"

"மலைமேல் நானா கூட வரப்போகிறேன்?"

கரியன் ஓரமாகப் போய் ஒதுங்கிக்கொண்டான். பகலெல்லாம் யார் முகத்திலும் விழிக்கவில்லை. சாயங்காலம் பசி பொறுக்காமல் குளத்தில் முங்கி எழுந்தால், தலைக்கு மேலே செம்பருந்து!

"கடைசி வாய்ப்பு, கரியா! பொழுது சாய்கிறது. இப்போதே ஏறு! விட்டால் அடுத்த வருஷம்தான்!"

அடுத்த வருஷமா! அதுவரை இந்தச் சேற்றில் தன்னந்தனியாகவா? அவன் சிறகைப் பார்த்தான். தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏறுடா கண்ணு!" என்று அவன் அம்மா கத்தினாள்.

கரியனுக்கு அழுகை முட்டியது. "மாட்டேன் ஐயா. சிறகு காயவில்லை." கரையோரக் கட்டையில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றான்.

கூட்டமே திகைத்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்போது அவன் காலடியில் ஓர் அரசிலை வந்து விழுந்தது. அதுதான் உரிமம்!

"பறக்கவே இல்லையே இவன்!" என்று அம்மா அலறினாள்.

"பறப்பதைக் காலையிலேயே பார்த்துவிட்டேன் அம்மா," என்றது செம்பருந்து. "நிற்கத் தெரியுமா என்றுதான் பார்க்க வந்தேன்."

ஊரே ஏறச் சொன்னாலும், ஏறக் கூடாத நேரத்தில் மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவரே வானத்தில் ஏறத் தகுதியானவர்.