கரடி வீட்டு அடுப்படித் தரை

முதல் அநியாயம் யானை வீட்டில் நடந்தது. கன்றுக்குப் பெயர் வைக்கும் விழாவுக்காக அந்த வீட்டு அடுப்படியை முள்ளம்பன்றி வெயிலாள் தனியாளாகச் சுத்தம் செய்தாள். சுத்தம் செய்தவர் என்று விருந்துச் சபையில் வாசித்த பெயர் மயில் மேஸ்திரியுடையது.

இரண்டாவது, மான் வீட்டில். மூன்று மழைக்காலமாகப் பொங்கி வழிந்ததெல்லாம் கல்லாக இறுகிப்போன அடுப்பை அவள்தான் சுரண்டினாள். முதுகில் பதினொரு முட்கள் முறிந்தன. வாசித்த பெயர் மயில் மேஸ்திரி.

மூன்றாவது, காட்டெருமை வீட்டில். இந்தத் தடவை உன் பெயர்தான் என்று கடைசி வரை சொன்னார்கள். அவளும் நம்பி, முட்களை நீவிவிட்டுக்கொண்டு முதல் பந்தியில் போய் உட்கார்ந்தாள். மயிலின் பெயரை வாசித்தார்கள். "எழுந்திரு, இது மேஸ்திரி இலை" என்று எல்லார் முன்னாலும் அவளை எழுப்பி விட்டார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. விருந்துக்கு இலை போடும் முன், அடுப்படியைத் துப்புரவாக்கியவர் பெயரை வீட்டுக்காரர் ஓலையில் எழுதி, எழுந்து நின்று வாசிக்க வேண்டும். பெயர் வந்தவருக்கு முதல் பந்தி. வேலை செய்தும் பெயர் வராதவர் கொல்லைப்பக்கம் காத்துக் கிடந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும். வழக்கம் நல்ல வழக்கம்தான். அதை நடத்தியவர்களிடம்தான் யோக்கியம் இல்லை.

மேஸ்திரி என்ன வேலை செய்தார் என்று கேட்கிறீர்களா? வாசலில் தோகையை விரித்துக்கொண்டு நின்றார். போகிற வருகிறவர்களிடம், "உள்ளே நம்ம வேலை நடக்குது" என்றார். அது போதுமானதாக இருந்தது.

நான்காவதாகக் கரடி பெரியநாச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தது. மகளுக்கு நிச்சயதார்த்தம். உச்சிப்பொழுதுக்குள் சம்பந்தி வீட்டார் மலையிறங்கி வந்துவிடுவார்கள். அடுப்படியோ ஒரு வருஷத்துக் கரியும் இலுப்பெண்ணெய்ப் பிசுக்குமாகக் கிடந்தது.

"அதுக்குள்ள முடியுமா வெயிலா?" என்று கேட்டாள் பெரியநாச்சி.

"முடியும். சபையில என் பேரை வாசிக்கணும்."

"முதல்ல வேலையை முடி. பார்க்கலாம்."

இந்தப் 'பார்க்கலாம்' என்ன விலை பெறும் என்று வெயிலாளுக்குத் தெரியும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வேலை தெரிந்தவளுக்கு எதற்குப் பின் எது என்று தெரியும். பிசுக்கேறிய பாத்திரங்களையெல்லாம் முதலில் சாம்பல் கரைத்த வெந்நீரில் அமுக்கினாள். அடுப்பின் மேல் நனைத்த சாக்கைப் போர்த்தினாள். ஊறுவதற்குக் கை தேவையில்லை. அது ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் பரண் மேல் ஏறினாள். ஒட்டடையையும் புகைக்கரியையும் தட்டித் தள்ளினாள். அடுத்து மாடம். தேன் ஜாடிகளை இறக்கி, அரப்புத்தூள் போட்டுப் பலகைகளைத் தேய்த்தாள். அடுத்து சுவர். அவள் அடுப்புக்கு வந்தபோது இறுகிக் கிடந்ததெல்லாம் நெகிழ்ந்து, இழுத்த இழுப்புக்கு வந்தது. ஊறிய பாத்திரங்களைக் கழுவி, செம்பு அண்டாவுக்கு மட்டும் புளி போட்டுத் தேய்த்தபோது அதில் அவள் முகம் தெரிந்தது. கோபமான முகம்.

மேலே இருந்த அழுக்கு முழுவதும் இப்போது தரையில் கிடந்தது. ஒட்டடை, கரி, செத்த கரப்பான், தேன் கட்டி, எண்ணெய். தரையை அவள் தொடவே இல்லை.

அப்போதுதான் மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "என்ன இது கண்றாவி? தரையை முதல்ல கழுவ வேணாமா? வர்றவங்க பார்க்குறது தரையைத்தானே?"

"மேல இருக்கிறது கீழதான் மேஸ்திரி விழும். மூணு வீட்டுல பேர் வாங்கினவருக்கு இதுகூடவா தெரியாது?"

சொல்லிவிட்டு, துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். பெரியநாச்சி ஓடி வந்தாள்.

"ஏன் உட்கார்ந்துட்ட?"

"தரை பாக்கி. என் பேரை வாசிச்சீங்கன்னா பெருக்கிடுறேன்."

"ஓலையில மேஸ்திரி பேரை நேத்தே எழுதியாச்சே" என்று பெரியநாச்சி வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"நேத்தேவா? நான் வர்றதுக்கு முன்னாடியே வேலையை முடிச்சிட்டாரா?"

பெரியநாச்சி குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு, ஒரு முழுத் தேனடை தர்றேன். கொல்லைப்பக்கமா எடுத்துட்டுப் போயிடு."

"கொல்லைப்பக்கம் எனக்கு நல்லாவே தெரியும் நாச்சியாரம்மா. முன்வாசல்தான் இன்னும் தெரியலை."

"நல்ல காரியம் நடக்கிற வீட்டுல இப்படி வம்பு பண்றியே."

"நல்ல காரியம் நடந்த வீட்டுலதான் என்னை இலையிலிருந்து எழுப்பி விட்டாங்க."

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "தரைதானே? இதுக்குப் போய் இவகிட்டக் கெஞ்சணுமா? நகருங்க" என்றார். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி அப்படியே கவிழ்த்தார்.

கரியும் எண்ணெயும் தண்ணீரும் கலந்து அடுப்படி சேற்றுக் குட்டையானது. மேஸ்திரி ஓரடி வைத்தார், வழுக்கினார், மல்லாந்தார். எழுந்திருக்கப் புரண்டார். தோகை முழுவதும் கரிப்பசையில் ஒட்டிக்கொண்டது. அந்தக் காட்டில் அவர் உருப்படியாகத் துடைத்த முதல் தரை அதுதான்.

வாசலில் மேளம் கேட்டது. சம்பந்திக் கரடிகளும் நரிகளும் முயல்களும் முற்றத்தில் நிறைந்துவிட்டார்கள். ஒரு நரி எட்டிப் பார்த்து, "என்ன மேஸ்திரி, தோகைக்குப் புதுசாச் சாயம் ஏத்துறீங்களா?" என்று கேட்டது.

பெரியநாச்சி மேலே பார்த்தாள். பரணும் மாடமும் அண்டாவும் மின்னின. கீழே பார்த்தாள். இந்தத் தரையைச் சம்பந்தி பார்த்தால் சம்பந்தம் நிற்குமா?

"இலை போடுறதுக்குள்ள இதை எடுக்க முடியுமாடி?"

"உமியும் சாம்பலும் தூவினா ஈரத்தையும் எண்ணெயையும் குடிச்சிடும். அள்ளிக் கொட்டிட்டு ஒரு தடவை துடைச்சா முடிஞ்சது. பேரை வாசிங்க."

"துடைச்சதும் வாசிக்கிறேன்."

"மூணு வீட்டுல துடைச்சாச்சு நாச்சியாரம்மா."

பெரியநாச்சி பல்லைக் கடித்தாள். ஓலையை எடுத்து மேஸ்திரியின் பெயரை நகத்தால் கீறி அழித்தாள். பின்பக்கம் திருப்பி எழுதினாள். முற்றத்துக்கு வந்து, தொண்டைக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தாள்.

"கடைசி வரிசையில நிக்கிற முயலுக்குக் கேட்கலை" என்றாள் வெயிலாள். "முயல் காதுக்கே எட்டலைன்னா வேற யாருக்கு எட்டும்?"

கூட்டம் சிரித்தது. பெரியநாச்சி சிரிக்கவில்லை. நிமிர்ந்து நின்று, வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் உரக்க வாசித்தாள்.

"இந்த வீட்டு அடுப்படியைத் துப்புரவாக்கியவர், பாறைப்பொந்து முள்ளம்பன்றி வெயிலாள்."

அதைக் கேட்ட பிறகுதான் வெயிலாள் எழுந்து உமியையும் சாம்பலையும் தூவித் தரையைத் துடைத்தாள், பிறகு முன்வாசல் வழியாகப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தாள்.

உழைத்தவருக்கு உரிய பெயரை யாரும் தாமாக எடுத்து நீட்ட மாட்டார்கள். துடைப்பம் கையில் இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.