இருபத்தேழாம் இலக்கம்

ஆய்வுகூடத்திலிருந்து வந்த கடிதத்தில் நாலே நாலு வரிதான் இருந்தது. பிரதாபன் அதை ஏழெட்டுத் தடவை படித்தான். படிக்கப் படிக்க எழுத்து மாறிவிடுமா என்ன? புதைகுழியில் எடுத்த இருபத்தேழாம் இலக்க எலும்புக்கூட்டின் மரபணு, இளையதம்பி என்பவருடைய இரத்த மாதிரியோடும் அவர் மனைவி தங்கமலருடைய மாதிரியோடும் பொருந்தவில்லை. அது அவர்களுடைய மகன் இல்லை.

எலும்பு இன்னும் நீதிமன்றத்தின் பொறுப்பில். அந்த மகனுக்கோ காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

காரியம் நடக்கக் காரணமானவன் பிரதாபன்தான். பல் வைத்தியன், வயது முப்பத்தொன்பது. சண்டை முடிந்து பதினைந்து வருசத்துக்குப் பிறகு, தண்ணீர்க் குழாய் போட வெட்டிய இடத்தில் எலும்புகள் வந்தன. நீதிமன்றம் தோண்டச் சொன்னது. பல்லைப் பார்த்து வயது சொல்ல ஆள் வேண்டும் என்று அவனை அனுப்பினார்கள். தோண்டும் வேலைக்குத் தலைமை சட்ட வைத்திய அதிகாரி புனிதவதி. அன்றிலிருந்து அவர் குரு, இவன் சீடன். இப்படிச் சொன்னால் இருவருக்குமே சிரிப்பு வரும். ஆனாலும் அதுதான் உண்மை.

புனிதவதி மண்ணை மூங்கில் சீவலால்தான் விலக்குவார். இரும்பு பட்டால் எலும்பில் கீறல் விழும். பிறகு அது வெட்டா, துப்பாக்கிச் சூடா, எங்களுடைய கரண்டியா என்று நீதிமன்றத்தில் யார் பதில் சொல்வது? எலும்புக்கு இலக்கம் கொடுப்பார், பெயர் சொல்ல மாட்டார். முட்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் காணாமல் போனவர்களின் படத்தோடு நிற்கும் சனங்கள் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “தெரியாது.” சனங்கள் அவருக்குத் தெரியாது டொக்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் வாயில் முத்து உதிர்ந்துவிடுமா என்று பிரதாபனுக்கு உள்ளூரக் கோபம்.

அந்தக் கோபம்தான் அவனைக் கெடுத்தது. ஒருநாள் மத்தியானம் இளையதம்பி வேலியோரம் நின்று மகனின் படத்தை நீட்டினார். பத்தொன்பது வயதுப் பிள்ளை, வாய் நிறையச் சிரிப்பு. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நின்றது. அன்று காலைதான் பிரதாபன் இருபத்தேழாம் இலக்கத்தின் தாடையைத் துடைத்திருந்தான். அதிலும் அதே பக்கத்தில் அதே மாதிரிப் பல்.

அவன் முகம் மாறியதைக் கிழவர் கண்டுவிட்டார்.

“என்ன தம்பி, கண்டியளோ?”

அறிக்கை வரட்டும் ஐயா என்று சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

“ஓம் ஐயா. உங்கட மகன்தான்.”

கிழவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு வேலிக்கு இடையால் பிரதாபனின் கையை இழுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது பெரிய புண்ணியம் செய்துவிட்டதாகவே பிரதாபனுக்குப் பட்டது. மேலேறிய பல் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று ஒரு பல் வைத்தியனுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்போது கடிதத்தோடு குழிக்கு வந்தான். புனிதவதி அரிதட்டில் மண் அரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“மெடம், ஒண்டு கேக்கட்டோ?”

“கேளுங்கோ.”

“இதைச் சொல்லாமல் விட்டால் என்ன?”

அவர் அரிதட்டை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“பதினைஞ்சு வருசம் அலைஞ்ச சனம், மெடம். இப்பதான் ரெண்டு பேரும் ஒழுங்காய் நித்திரை கொள்ளுகினமாம். அதைக் கெடுத்து என்ன காணப்போறம்? பிழை என்ரதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் சொன்னால் நோகப்போறது அவைக்கு.”

“வாகனத்துக்குள்ள, என்ர சீற்றுக்குப் பின்னால ஒரு மண்ணிறக் கவர் கிடக்கும். எடுத்துக்கொண்டு வாங்கோ.”

எடுத்துக்கொண்டு வந்தான். உள்ளே ஓரம் சுருண்ட ஒரு எக்ஸ்ரே படம். புனிதவதி கையைத் துடைத்துவிட்டு அதை வெயிலில் பிடித்தார்.

“என்ன தெரியுது?”

“இடது முன்கை. சின்னப் பிள்ளையின்ர. ஒரு முறிவு.”

“மாமரத்தால விழுந்தது. பன்ரெண்டு வயசில.”

“ஆர் மெடம்?”

“நான் உங்கட வயசில ஒரு குழி தோண்டினன். ஒரு பொம்பிளையின்ர எலும்பு வந்தது. ஒருத்தர் சீலைத்துண்டைப் பாத்திட்டு என்ர மனிசிதான் எண்டார். கையில பழைய முறிவு இருக்கே எண்டு கேட்டன். சின்னனில எங்கையாவது விழுந்திருப்பா எண்டார். பாவமாய்க் கிடந்தது. நானும் தலையாட்டினன். கொண்டுபோய் எரிச்சிட்டினம்.”

“பிறகு?”

“மூண்டு மாதத்தால ஒரு அம்மா இந்தப் படத்தோட வந்தா. மகளைக் காணேல்லையாம். பாத்த உடனை எனக்கு விளங்கிட்டுது.”

“அவவுக்கு என்ன சொன்னியள்?”

“தேடிக்கொண்டிருக்கிறம் எண்டன்.”

பிரதாபன் அவர் முகத்தைப் பார்த்தான். அதில் எப்போதும் உள்ள அமைதிதான் இருந்தது. 

“அந்த மனிசன் ஆறியிருந்தார். அவரைக் குழப்பக்கூடாது எண்டு நினைச்சன். அப்பிடித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டன். உண்மையில எனக்குப் பயம், பிரதாபன். அந்த அம்மா பதினொரு வருசம் மாதத்துக்கு ஒருக்கா வந்தா. பஸ் எடுத்து வருவா. ஒவ்வொருக்காலும் தேடிக்கொண்டிருக்கிறம் எண்டன்.”

“இப்ப?”

“கடைசியா வரேக்கை இந்தப் படத்தை என்னட்டையே தந்தா. தான் இல்லாட்டிலும் நீங்கள் பாத்துக்கொள்ளுவியள்தானே எண்டா.”

அவர் படத்தைக் கவருக்குள் வைத்தார். அரிதட்டை மறுபடி எடுத்தார். மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

 அதுவரை பிரதாபன் இளையதம்பியின் வீட்டை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தான். இருபத்தேழாம் இலக்கத்துக்கும் ஒரு வீடு இருக்கும் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது.

“நான் போறன், மெடம்.”

“நானும் வாறன்.”

இளையதம்பியின் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டிக்கொடுத்த இரண்டு அறை வீடு. வாசலில் அவர் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். மொட்டையடித்த தலையில் வெள்ளை மயிர் குச்சி குச்சியாக முளைத்திருந்தது. இருவரையும் கண்டதும் எழும்பி, எண்ணெய்க் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு கதிரை எடுத்துப் போட்டார்.

“இருங்கோ, இருங்கோ. தம்பி, உங்களை நினைக்காத நாளில்லை. மரணச் சான்றிதழும் எடுத்திட்டன். இவ்வளவு காலமும் வாங்கமாட்டம் எண்டுதானே நிண்டனாங்கள். இனி என்னத்துக்கு? பிள்ளை கிடைச்சிட்டான், காணாமல் போனவையின்ர பதிவில இருந்து பேரை வெட்டுங்கோ எண்டு கந்தோரிலையும் எழுதிக் குடுத்திட்டன்.”

 இதைப் பிரதாபன் எதிர்பார்க்கவில்லை. பெயரை வெட்டிவிட்டால் அந்தப் பிள்ளையை இனி யார் தேடுவார்கள்? பத்தடி தள்ளி, அடுத்த வரிசை மண்ணுக்குள்ளேயே அவன் கிடந்தாலும் கேட்க ஆளில்லை.

கடிதத்தை எடுத்தான். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னான். பல்லைப் பார்த்துச் சொன்னது தன் பிழை என்றான். சொல்லக்கூடாது என்று தனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள் என்பதையும் சொன்னான்.

கிழவர் கடிதத்தை வாங்கவில்லை. கழற்றி வைத்த சைக்கிள் சில்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மெதுவாகத்தான் பேசினார்.

“நான் உங்களைக் கேட்டனான். நீங்கள் தெரியாது எண்டு சொல்லியிருந்தால், நான் அடுத்த கிழமையும் வந்திருப்பன்.”

“ஓம் ஐயா.”

“எனக்குச் சொல்லிட்டியள். சரி. அவளுக்கு நான் சொல்லமாட்டன். குடுத்தது நீங்கள். நீங்களே சொல்லித் திரும்ப எடுங்கோ.”

பிரதாபன் புனிதவதியைத் திரும்பிப் பார்த்தான். நீங்கள் சொல்லுங்கோ என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவர் அசையவில்லை.

தங்கமலர் உள்ளேயிருந்து பிளேன்ரீத் தட்டோடு வந்தார். இரண்டு டொக்டர்மாரையும் சேர்த்துக் கண்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது.

“பிள்ளையைத் தர வந்திருக்கிறியளோ? கோர்ட்டில விட்டிட்டினமோ?”

இந்த ஒரு கேள்விக்காகவாவது தன்னை இந்தப் பூமி விழுங்கக்கூடாதா என்று பிரதாபன் நினைத்தான். அது விழுங்கவில்லை. இவ்வளவு பேரை விழுங்கியதுக்கு அவன் ஒருத்தன் பாரமா? ஆனாலும் விழுங்கவில்லை. கதிரையை விட்டிறங்கி, அவர் எதிரில் சிமெந்துத் தரையில் இருந்து சொன்னான்.

“இல்லை அம்மா. அது உங்கட மகன் இல்லை. நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன்.”

தங்கமலர் புருஷனைப் பார்த்தார். அவர் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். அதில் அந்தப் பல் சிரித்துக்கொண்டிருந்தது. எழும்பிப் போய் மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்ப இருக்கிறானோ?”

“தெரியாது அம்மா.”

அந்தச் சொல்லை அவன் முதன்முதலாகச் சொன்னான். அது எவ்வளவு பாரம் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. இவ்வளவு நாளும் அதைத் தினம் நூறு தடவை தூக்கிக்கொண்டு நின்ற மனுஷியைக் கல்நெஞ்சு என்று நினைத்ததை எண்ணி அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“பேரைத் திரும்பப் பதியிறதுக்கு நான் உங்களோட கந்தோருக்கு வாறன், அம்மா. நாளைக்கே வாறன்.”

தங்கமலர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அழவுமில்லை. கோபப்பட்டிருந்தால், தூசணத்தால் பேசியிருந்தால் எவ்வளவு நல்லது. மாலையின் காய்ந்த பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து சிமெந்தில் விழுந்தன.

“முப்பத்தொரு நாள் விரதம் இருந்தன்” என்றார். “காரியத்துக்குக் கீரிமலைக் கடலுக்குள்ள இறங்கி நிண்டு, ஊர் பாக்கக் கத்தினன். பதினைஞ்சு வருசமாய்க் கத்தாமல் வைச்சிருந்தது எல்லாத்தையும் அங்கை கொட்டிப்போட்டன். இனிக் கத்த என்னட்டை ஒண்டுமில்லை, டொக்டர். நாளைக்கு என்ர பிள்ளைதான் எண்டு வந்தாலும் இல்லை.”

கையிலிருந்த மாலையைப் பார்த்தார்.

“அப்ப நான் ஆருக்கு அழுதனான்?”

அவர் கேட்டது பிரதாபனிடம்.  அவன் சிமெந்தில் உதிர்ந்த பூக்களைப் பொறுக்கினான்.

புனிதவதி கதிரையிலிருந்து எழுந்து வந்தார். தங்கமலரின் கையிலிருந்த மாலையை வாங்கி, அவர் பக்கத்தில் நின்றார்.

“வேறை ஒரு தாய் அழவேண்டியதை நீங்கள் அழுதிருக்கிறியள், அக்கா. அவவை நாங்கள் இன்னும் கண்டுபிடிக்கேல்லை.”