கீரி வாங்கிய இரண்டு கார்டுகள்

மருதங்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. கோடையில் மற்ற ஓடைகள் எல்லாம் வறண்டுவிடும். அந்தக் குளம் மட்டும் வற்றாது. அதனால் இக்கரை விலங்குகளும் அக்கரை விலங்குகளும் அதற்காக அடித்துக்கொண்டன. அப்படி ஒரு சண்டையில் மான்குட்டி ஒன்று மிதிபட்டுச் செத்துப்போனது.

யானைக்கு மனசே ஆறவில்லை. இரு கரைக்காரர்களையும் கூப்பிட்டது.

"இனிமே அடிதடி கிடையாது! கோடைக்குக் கோடை கம்ப்யூட்டர்ல படகுப் போட்டி வைப்போம். ஜெயிக்கிற கரைக்குக் கோடை முழுக்கக் குளம். தோத்த கரை மலைக்கு அந்தப்பக்கம் ஆத்துக்குப் போயிடணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றன எல்லா விலங்குகளும்.

இக்கரைக்காக விளையாடியது செவலை என்ற கீரி. அதன் விரல் வேகம் வேறு யாருக்கும் வராது. பக்கத்தில் உட்கார்ந்து நீரோட்டம் பார்த்துச் சொன்னது கயலி என்ற நீர்நாய். "சுழி வருது, இடப்பக்கம் ஒதுங்கு!" என்று கயலி சொல்லி முடிப்பதற்குள் செவலை படகைத் திருப்பிவிடும். முதல் போட்டியில் இக்கரைதான் ஜெயித்தது. அந்த நிம்மதியில் கயலி குளத்தோரம் வளை தோண்டியது; அடுத்த கோடை தொடங்கும்போது அதில் குட்டிகளும் போட்டது.

அதற்குள் அந்தப் படகு விளையாட்டு புது வடிவத்தில் வந்தது. அலை, நுரை, தூறல் எல்லாம் நிஜம் போலவே இருந்தன. ஆனால் கம்ப்யூட்டரில் படம் காட்டும் பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு அதைத் தாங்கும் திராணி இல்லை. படம் திக்கித் திக்கி ஓடியது.

இக்கரை விலங்குகள் கூடிப் பேசின. அணில்கள் கொட்டைகள் கொண்டுவந்தன. கரடி தன் தேனைக் கொடுத்தது. முள்ளம்பன்றி கிழங்கு தோண்டித் தந்தது. எல்லாவற்றையும் மூட்டை கட்டிச் செவலையின் முதுகில் ஏற்றின.

"நல்லதா ஒரே ஒரு கார்டு வாங்கிட்டு வா, தம்பி. அது போதும்" என்றது கயலி.

மரங்கொத்தியின் கடையில்தான் கம்ப்யூட்டர் சாமான்கள் கிடைக்கும். உள்ளே நுழைந்த செவலை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கார்டுகள் ஜோடியாக மாட்டப்பட்டு, சிவப்பும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்தன.

"அந்தக் கறுப்புக் கார்டு பெருசு. ஒண்ணே போதும்" என்றது மரங்கொத்தி. "இல்லேன்னா, அதே விலைக்கு இந்தச் சின்னது ரெண்டு வாங்கி ஜோடியா மாட்டிக்கலாம்."

"எது வேகம்?"

"நீ ஆடுற விளையாட்டைப் பொறுத்தது, தம்பி. சில விளையாட்டு ரெண்டு கார்டுக்கும் வேலையைப் பிரிச்சுக் கொடுக்கும். பல விளையாட்டுக்கு அது தெரியாது. படம் உதறும். பெட்டிக்குள்ள சூடும் ஏறும். நீ எதை ஆடப்போறே?"

கேள்வி செவலையின் காதில் விழாமல் இல்லை. ஆனால் கண் அந்த விளக்குகளை விட்டு நகர மறுத்தது. அக்கரைக்காக விளையாடும் நரியிடம் ஒரு கார்டுதான் இருக்கிறதாம். நாம் இரண்டோடு போய் நின்றால் நரியின் மூஞ்சி எப்படித் தொங்கிப் போகும்!

"எல்லாத்தையும்தான் ஆடுவோம். ரெண்டையும் கட்டிக் கொடுங்க!" என்றது.

இக்கரையில் ஒரே கொண்டாட்டம். கார்டுகளை மாட்டியதும் அணில்கள் துள்ளிக் குதித்தன. கயலி மட்டும், "ரெண்டா? ஒண்ணுதானே பேசினோம்?" என்றது.

"ஒண்ணை விட ரெண்டு பெருசுதானே, அக்கா!"

கார்டுகளோடு இலவசமாக ஒரு விமான விளையாட்டு வந்திருந்தது. செவலை முதலில் அதைத்தான் போட்டுக் காட்டியது. மேகங்கள் வழுக்கிக்கொண்டு போயின. எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு படகு விளையாட்டைப் போட்டது. படகு ஒரு கணம் நின்றது. அடுத்த கணம் தாவியது. நுரை பிய்ந்து பிய்ந்து தெரிந்தது.

"தம்பி, தண்ணி உதறுதே! சுழி எங்க ஆரம்பிக்குதுன்னே எனக்குத் தெரியல."

"புதுசில்லையா அக்கா! ஓட ஓடச் சரியாயிடும்."

"ஒண்ணைக் கழட்டிட்டுப் பாரேன்."

செவலைக்குச் சுருக்கென்றது. அதன் மனசுக்குள்ளும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சுற்றிலும் அணில்கள், கரடி, முள்ளம்பன்றி. எல்லோர் முன்னாலும் கழற்றினால் என்ன நினைப்பார்கள்?

"கழட்டுறதா? அப்ப எதுக்கு வாங்கினேன்? உனக்கு இந்தப் பெட்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்று சீறிவிட்டது.

அது கயலியிடம் அப்படிப் பேசியதே இல்லை. கயலி எழுந்து குட்டிகளிடம் போனது.

போட்டி நாள் வந்தது. யானை பிளிறியது. படகுகள் சீறிக் கிளம்பின.

தொடக்கத்தில் செவலைதான் முன்னால். நரி இரண்டு படகு தூரம் பின்தங்கி வந்தது. ஆனால் அருவி நெருங்க நெருங்க, திரையில் தண்ணீர் மேலும் மோசமாக உதற ஆரம்பித்தது. பெட்டிக்குள் விசிறி கதறியது. அனல் செவலையின் மீசையைத் தொட்டது.

"வலப்பக்கம்! இல்ல, இல்ல, இடப்பக்கம்!" கயலி கத்தியது. அது சொன்ன சுழி அதற்குள் படகுக்கு அடியிலேயே இருந்தது. படகு பாறையில் மோதியது. செவலை எப்படியோ திருப்பி மீட்டது. மறுகணம் திரை முழுக்கக் கறுத்தது. சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

பக்கத்துத் திரையில் நரியின் படகு தன்னந்தனியாக எல்லையைத் தாண்டியது.

யாரும் செவலையைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அதற்குத் தோன்றியது.

இக்கரை விலங்குகள் மலைப்பாதையில் நடக்கத் தொடங்கின. கயலியின் குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. கயலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் ஏறும். நிழல் பார்த்துக் கிடத்தும். அடுத்ததை எடுக்கத் திரும்பி ஓடிவரும். கற்கள் கொதித்தன.

"அக்கா, ஒண்ணை நான் தூக்கிட்டு வரட்டுமா?" செவலை பின்னாலேயே ஓடிவந்து கேட்டது.

"வேண்டாம், தம்பி. வேத்து வாசனை பட்டா பயப்படும்." கயலி மூச்சு வாங்கியது. "நீ ரெண்டு வாங்கினதுல எனக்குக் கோபமில்ல. கடையில பார்த்தா யாருக்கும் ஆசை வரும். கழட்டிப் பாருன்னு சொன்னேனே, அதை மட்டும் கேட்டிருக்கலாம்."

செவலை பாதி வழியிலேயே குளத்தங்கரைக்குத் திரும்பியது.

எல்லோரும் போன பிறகு அது கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தது. ஒரு கார்டைக் கழற்றி வைத்தது. படகு விளையாட்டைப் போட்டது. படம் பிரமாதமாக இல்லை. ஆனால் உதறல் இல்லை. ஒவ்வொரு சுழியும் துலக்கமாகத் தெரிந்தது. படகு கடைசி வரை நிற்காமல் ஓடியது.

செவலை தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதது. பிறகு அதுவும் ஆற்றுக்குக் கிளம்பியது.

மழை வந்தது. காடெங்கும் தண்ணீர் பெருகியது. ஆற்றங்கரைக்குப் போன விலங்குகள் ஊர் திரும்பப் புறப்பட்டன. செவலை கயலியின் புது வளைக்குப் போய் நின்றது.

"கழட்டிப் பார்த்தேன், அக்கா. ஒண்ணே போதுமா இருந்துச்சு. நான்தான் கேக்கல. என்னை மன்னிச்சிடு. வா, நம்ம குளத்துக்குப் போகலாம்."

கயலி அதன் தலையை நக்கிக் கொடுத்தது. ஆற்றில் குட்டிகள் முங்கி முங்கி எழுந்தன.

"மன்னிக்க என்ன இருக்கு, தம்பி! ஆனா குட்டிங்க இந்த ஆத்துக்குப் பழகிடுச்சு. இன்னொரு தடவை அந்த மலையைத் தாண்ட வைக்க எனக்கு மனசில்ல. நீ போய்ட்டு வா."

செவலை தனியாக மலையேறித் திரும்பியது.

தேவையைப் பாராமல் எண்ணிக்கையில் மயங்குவது சின்னத் தவறுதான். ஆனால் தவறு என்று தெரிந்த பிறகும் அதைத் திருத்த வெட்கப்பட்டால், நம்மை நம்பியவர்களும் சேர்ந்து துன்பப்பட நேரும்.