ரூட்டுக்கும் மசியாத பெட்டி

சர்வர் அறைக்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள். மேலாளர் தில்லைராஜன் மட்டும் பூட்ஸோடு நுழைவார். எல்லாப் பூட்டையும் திறக்கும் ரூட் கணக்கு அவர் கையில் அல்லவா!

"நாற்பது சர்வருக்கும் பொதுவா ஒரே சேமிப்புப் பெட்டியா? அதுல ஒரு கோப்பு வை. நான் அழிச்சுட்டா உன் வேலை போச்சு!" என்று அந்தப் பெட்டியை அமைத்த ஒப்பந்த ஊழியர் பூவிழியிடம் உறுமினார்.

"தாராளமா அழிங்க சார்."

மேலாளர் அழிக்கும் கட்டளையைத் தட்டினார். 'அனுமதி இல்லை' என்றது திரை. நாற்பது சர்வரிலிருந்தும் தட்டிப் பார்த்தார். கோப்பு இம்மியும் அசையவில்லை.

"உங்க சர்வர்ல நீங்க ராஜா சார். இந்தப் பெட்டி வாசல்ல மட்டும் ரூட்டைச் செருப்பு மாதிரி வெளியவே விட்டுட்டு, எந்த அதிகாரமும் இல்லாத யாரோ ஒருத்தராத்தான் உள்ள வரணும். அப்படித்தான் அமைச்சிருக்கேன்."

பெட்டியின் சின்னப் பச்சை விளக்கையே வெகுநேரம் பார்த்தார் மேலாளர். பிறகு வெளியே போய், பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தார்.